டாக்டர் சொல்லும் வரைக்கும்

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று நான் அவரிடம் கேட்டு வைக்கவில்லை. கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்வது அவருக்கு ஆகாது. டிரைவர் அண்ணாச்சி என்றே சொல்லுகிறேன். அந்தக் காலத்து நாகர்கோவிலில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். டிரைவர் அண்ணாச்சி என்றால் வடசேரியிலிருந்து கோட்டாறு வரைக்கும் யாரைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நெடுநெடுவென்று உயரம். காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பித்தான் போட்டிருப்பார். நெற்றியில் மூக்குத்தண்டிலிருந்து மேலே ஏறும் வெள்ளை நாமம், அய்யாவழிக்காரர். காலில் செருப்பு கிடையாது. வெறும் காலால்தான் பெடலை மிதிப்பார். காரின் தரைப்பலகை சுடுகிற சூட்டை வைத்தே எஞ்சின் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். டாக்டர் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவர் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலுக்குப் போய்விட்டு, ஆராதனை முடிந்து அவர்கள் வெளியே வருவதற்குள் காரின் பக்கத்தில் வந்து நிற்பார்.

பெரிய டாக்டரிடம் அவர் சேர்ந்தது யுத்தத்துக்கு முன்னால். பெரிய டாக்டரின் கார் கறுப்பு நிறச் சீமைக் கார். அதையும் இவரையும் பிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. பங்களாவின் பின்பக்கம் கார் நிற்கும் கொட்டகையோடு ஒட்டிய சிறிய அறைதான் அவருக்கு வீடு. கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று மேஸ்திரி ஒரு தடவை கேட்டதற்கு, "யாரும் சொல்லல்ல" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதா, உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மேஸ்திரி என்றால் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் மேஸ்திரி. நான் அவரிடம் பேட்டரி வேலையும் வயரிங் வேலையும் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களிடம் பேசவும் வராது. டிரைவர் அண்ணாச்சியும் கேட்டாலொழியப் பேச மாட்டார். அதனால் கார் வேலைக்கு வந்தால் என் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு முழுப் பகலில் நாங்கள் பேசிய பேச்சை ஒரு கையின் விரலுக்குள் அடக்கிவிடலாம். எனக்கு அது சுகமாக இருந்தது.

அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஹாரன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பங்களாவுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டால் குழந்தை திடுக்கிடும் என்பதால், அந்த வீட்டுப் பக்கம் ஹாரன் அடிக்காதே என்று பெரிய டாக்டர் சொன்னார். இவர் அடிக்கவில்லை. குழந்தைக்குக் குணமாகிவிட்டது. நடந்தது, ஓடியது, பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கியது. இவர் அப்போதும் அந்த வளைவில் ஹாரன் அடிக்க மாட்டார். மாட்டு வண்டி வந்தாலும் ஆட்டு மந்தை வந்தாலும் காரை நிறுத்தி, இறங்கிப் போய், கையால் ஒதுக்கிவிட்டு வந்து எடுப்பார். அந்த வீட்டுக்காரரே ஒரு நாள் காரை மறித்து, "வே, எம் பிள்ளை இப்பம் ரெண்டாங் கிளாஸ் படிக்கான். ஹாரன் அடிச்சுத் தொலையும்" என்று சொல்லிப் பார்த்தார். "டாக்டரு அடிக்கலாம்னு சொல்லல்லியே" என்றார் இவர். கடைசியில் அந்தப் பையனே காரைக் கண்டால் முன்னால் ஓடி, வாயால் ஹாரன் அடித்து வழி விலக்கிக்கொண்டு போவான். தெருவே சிரிக்கும். இவர் சிரிக்காமல் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார்.

இன்னொன்று கோட்டாறு சந்தையில் நடந்தது. பெரிய டாக்டர் ஒரு வியாபாரியின் வீட்டுக்கு நோயாளி பார்க்கப் போகும்போது, "லே, இங்ஙனயே நில்லு, வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அங்கே இருக்கும்போது கருங்கல் ஊரிலிருந்து அவசரமாக ஆள் வந்து, வந்த காரிலேயே அவரை ஏற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். அந்தப் பரபரப்பில் டாக்டர் இவரை மறந்துவிட்டார். சாயங்காலம் மழை பிடித்தது. சந்தை கலைந்தது. இவர் காரின் பக்கத்தில் நின்றார். காருக்குள் ஏறி உட்காரும்வே என்று டீக்கடைக்காரர் கத்தியிருக்கிறார். "நில்லுன்னாரு" என்று பதில் வந்ததாம். டீக்கடைக்காரர்தான் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இவர் நின்ற இடத்துக்கே டீ கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலையில் டாக்டர் வந்து பார்த்தபோதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் முதலில் வாயில் வந்தபடி திட்டினாராம். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இவருடைய தலையைத் துவட்டிவிட்டாராம். டீக்கடைக்காரர் இதைச் சொல்லும்போது அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அதற்குப் பிறகு பெரிய டாக்டர் கவனமானார். இவரிடம் ஒன்று சொன்னால், அது முடிந்ததும் மறக்காமல் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வார். "லே, நின்னது போதும்" என்பார். "இனி கதவத் தொறக்கலாம்" என்பார். பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். இரண்டொரு வார்த்தைகளைத்தான் திருப்பி எடுக்காமல் விட்டிருந்தார். ஹாரன் அதில் ஒன்று.

எங்கள் மேஸ்திரிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், பானெட் மூடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்று இவரிடம் சொல்லிவிட்டார். பிறகு ஸ்பானர் தேடிப் போனார், போன இடத்தில் யாரோ கூப்பிட்டார்கள், அப்படியே சாப்பிடப் போய்விட்டார். வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. நான் ஒரு கம்பை முட்டுக்கொடுக்கிறேன், விடுங்கள் என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். மேஸ்திரி பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தபோது இவருடைய கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. மூடி மட்டும் அசையவில்லை. மேஸ்திரி அதைக் கீழே இறக்கிவிட்டு, "இவருட்ட யாராவது மூச்சு விடாதேன்னு சொல்லிராதீயும்வே, செத்துப் போவாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு முதல் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லும் முன் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் பெரிய டாக்டர் பாரிசவாயு வந்து படுத்தார். பேச்சு போய்விட்டது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் அவரைத் தூக்கி வைத்தது டிரைவர் அண்ணாச்சிதான். ஒரு வார்த்தையும் பேசாமலே டாக்டர் இறந்துபோனார். சென்னையில் படித்துவிட்டு மகன் வந்து வைத்தியத்தை எடுத்துக்கொண்டார். சின்ன டாக்டர் என்று கூப்பிட்டோம். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர். அப்பாவின் பெயருக்குக் குறைவு வந்துவிடக் கூடாது என்கிற அவசரம்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து பிரசவ வலியில் கிடந்த பெண்ணுக்காக ஆள் வந்தது. வண்டி எடுக்கும் முன் பெட்ரோல் டாங்கியில் ஒரு மூங்கில் குச்சியை விட்டு அளவு பார்ப்பது டிரைவர் அண்ணாச்சியின் வழக்கம். அன்றைக்கும் குச்சியை எடுத்திருக்கிறார். "குச்சியெல்லாம் பிறகு. உடனே எடும்" என்று சின்ன டாக்டர் சொல்லிவிட்டார். இவர் குச்சியை வைத்துவிட்டு எடுத்தார். முந்தின நாள் சின்ன டாக்டர் தானே காரை எடுத்துக்கொண்டு சுற்றிவிட்டு வந்தது இவருக்குத் தெரியாது. பாதி வழியில், இரண்டு பக்கமும் வயல் இருக்கும் இடத்தில், பெட்ரோல் தீர்ந்து கார் நின்றுவிட்டது. டாக்டர் மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பெண்ணை வில்வண்டியில் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாயும் பிள்ளையும் நலம்தான். ஆனால் வாசலில் நின்ற கிழவர் ஒருவர் சின்ன டாக்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் இருந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டாராம். அந்தப் பாதிப் பேச்சு சின்ன டாக்டரைச் சுட்டுவிட்டது.

மறுநாள் காரைக் கொண்டுவந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தச் சொன்னார். அவரும் கூட வந்தார். டேஷ்போர்டு விளக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எரிகிறது, பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்றே இருட்டில் தெரியவில்லை, இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு நான் எப்படி வைத்தியம் பார்க்க என்று மேஸ்திரியிடம் கேட்டார். சனிக்கிழமைக்குள் அந்த விளக்கு சரியாக வேண்டும். இல்லாவிட்டால் திருவனந்தபுரத்திலிருந்து வரும் தரகரிடம் காரைக் கொடுத்துவிடுவேன், சின்னக் காராக ஒன்று வாங்கி நானே ஓட்டிக்கொள்வேன் என்றார். டிரைவர் அண்ணாச்சி ஒரு எட்டு தள்ளித்தான் நின்றார். குச்சி விஷயத்தை அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிறகு பங்களாவின் தோட்டக்காரர் மூலம் தெரிந்தது.

கார் போனால் கொட்டகை காலி. கொட்டகை காலியானால் அந்த அறையும் காலி. ஐம்பது தாண்டியவரை, அதுவும் ஹாரன் அடிக்காத டிரைவரை, வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வே, இது வெளக்கு வேலை இல்ல. அந்த மனுசனுக்குச் சோத்து வேலை. பாத்துச் செய்யும்" என்றார்.

பார்த்துத்தான் செய்தேன். முதலில் பல்புகளைக் கழற்றினேன். பழசு, ஆனால் கருகவில்லை. புதிய பல்பு போட்டேன். மங்கல்தான். பேட்டரியைச் சோதித்தேன், சரியாக இருந்தது. எர்த் வயர் பிடித்திருந்த திருகில் துரு இருந்தது. ஆகா, கிடைத்துவிட்டது என்று அதைச் சுரண்டி, புது வாஷர் போட்டு முறுக்கினேன். விளக்கைப் போட்டுப் பார்க்க, சாக்கைத் தலைக்கு மேல் மூடிக்கொண்டு இருட்டாக்கிப் பார்த்தேன். மங்கல்தான். விளக்கைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சைப் பிரித்துத் துடைத்தேன். அதை ஒதுக்கிவிட்டு நேராக வயர் இழுத்தேன். டெஸ்ட் பல்பை அங்கே வைத்தால் பளிச்சென்று எரிந்தது. அதே கரண்டில் மீட்டருக்குள் எரியும் பல்பு மட்டும் சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு மாதிரி.

இவ்வளவு நேரமும் டிரைவர் அண்ணாச்சி மரப்பெட்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதை எடுத்துக் கொடுத்தார். நான் சோர்ந்து உட்கார்ந்தபோது டீ வாங்கி வந்தார். ஒரு தடவை மட்டும், "விட்டிரு பிள்ளே. எனக்கு அது இல்லாமலே ஓட்டத் தெரியும்" என்றார். உங்களுக்குத் தெரியும், சின்ன டாக்டருக்குத் தெரியவில்லையே என்றேன். அவர் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

பாக்கி இருந்தது ஒரே வழி. மீட்டர்களையே கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு வேகமானியின் கேபிளையும் எண்ணெய்க் குழாயையும் எடுக்க வேண்டும். பழைய குழாய் முறிந்தால் கார் அங்கேயே நிற்கும். அதனால்தான் கடைசிவரை அதைத் தொடாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் தேவைப்படும் என்று டாக்டர் காரைப் பங்களாவுக்கு எடுத்துக்கொண்டதால், அன்றைக்கு மதியத்துக்கு மேல் சாமான்களை எடுத்துக்கொண்டு பங்களாவின் கொட்டகைக்கே போனேன்.

குழாய் முறியவில்லை. பெட்ரோல் மீட்டர் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்னால் பல்பு உட்காரும் குழி. அந்த வெளிச்சம் முள்ளின் பக்கம் போவதற்குச் சன்னல் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அந்தச் சன்னல் கன்னங்கரேலென்று இருந்தது. நகத்தால் கீறினேன். மோந்து பார்த்தேன். கடற்கரையில் மீன்பிடி வள்ளத்துக்குப் பூசுகிற, தார் மாதிரியான கீல். யாரோ பொறுமையாக, விளிம்பில் வழியாமல், நடுவில் ஒரு நெல்லின் முனை அளவுக்கு மட்டும் இடம் விட்டுப் பூசியிருந்தார்கள். அடுத்த மீட்டரையும் எடுத்தேன். அதிலும் அப்படியே.

"அண்ணாச்சி, இது கீலு" என்றேன்.

"ஆமா" என்றார்.

"யாரு பூசினது?"

"நான்தான்."

இத்தனை நாளாக நான் பல்பையும் வயரையும் மாற்றிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். கோபம் வந்தது எனக்கு. "நீ கேக்கல்லியே பிள்ளே" என்றார். கொட்டகையின் வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். நான் கேட்டுவிட்டதால் சொன்னார்.

யுத்தத்தின்போது கடல் பக்கம் வெளிச்சம் தெரியக் கூடாது என்று உத்தரவு. ஹெட்லைட்டில் பாதிக்குக் கறுப்புப் பூச வேண்டும். எல்லாக் காருக்கும் அதுதான் விதி. டேஷ்போர்டு விளக்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கன்னியாகுமரிக்கு அப்பால் சத்துருக் கப்பல் நிற்கிறது என்று ஒரு பேச்சு ஊரில் உலாவியது. இராஜாக்கமங்கலம் பாதையில் கடல் தெரியும் இடம் ஒன்று உண்டு. ஒரு நாள் இருட்டில் அந்த இடத்தைத் தாண்டும்போது, டேஷ்போர்டின் வெளிச்சம் இவருடைய முகத்தில் விழுவதைப் பின்சீட்டிலிருந்து பார்த்த டாக்டருக்குக் கை கால் நடுங்கிவிட்டது. காலரா கண்ட தெருவுக்குள் தனியாக நடந்து போகிற மனிதர். காரை நிறுத்தச் சொல்லி, விளக்கை அணைத்து, அங்கேயே வெகுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் கீல் பூசச் சொன்னார். நான் சொல்லும் வரைக்கும் இதை எடுக்காதே, நீயாகப் போய் யாரிடமும் சொல்லவும் வேண்டாம், டாக்டர் பயந்துவிட்டார் என்று ஊர் சிரிக்கும் என்றார்.

யுத்தம் முடிந்ததும் ஹெட்லைட்டின் கறுப்பை எடுக்கச் சொன்னவர், இதைச் சொல்லவில்லை. கீல் பூசிய பிறகு பின்சீட்டில் இருப்பவருக்கு டேஷ்போர்டு கண்ணில் படாது. மறந்தே போயிருப்பார். நீங்களாவது ஞாபகப்படுத்தியிருக்கலாமே என்றேன்.

"ஞாபகப்படுத்தினா, பயந்தத ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிராதா?" என்றார்.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்தேன். ஒரு துடைப்புத் துடைத்தால் தீர்ந்தது. கீல் இருந்ததே யாருக்கும் தெரிய வேண்டாம், பல்பு மாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். துணியைக் கொண்டு போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு காலத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பெரிய டாக்டரு சொல்லல்ல."

அவர் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்றேன். அதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டார். நாளைக்குக் காரை விற்றுவிடுவார்களே, சின்ன டாக்டரிடம் நடந்ததைச் சொல்லித்தான் பாருங்களேன் என்றேன்.

"அப்பன் பயந்தாருன்னு மவன்கிட்ட நான் சொல்லவா?"

அவர் பிடி இறுக்கமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் அடுக்களை வாசல் வழியாக, பெரிய டாக்டரின் மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிய, வயதான அம்மா. ஒரு பொய் சொன்னதில்லை என்று ஊரில் அவர்களுக்குப் பெயர். சின்னப் பொய்யைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்திவிடுவார்கள் என்று கோயில் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். பெண்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு எப்படியோ வந்தது. பெரிய டாக்டர் யுத்தத்தில் இதில் கீல் பூசச் சொன்னார்களாம், எடுக்கலாம் என்று சொல்லாமலே போய்விட்டார்களாம், சொல்லாமல் எடுக்க அண்ணாச்சி விடமாட்டேன் என்கிறார் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். டிரைவர் அண்ணாச்சி என் கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா மீட்டரை வாங்கிப் பார்த்தார்கள். கீலின் மேல் விரலை வைத்தார்கள். எதற்காகப் பூசச் சொன்னார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவர்களுக்கு அது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மனிதரைப் பார்த்திருப்பார்களே.

"சொன்னாரு" என்றார்கள். "அந்தக் கீல எடுத்திரச் சொல்லணும்னு, கடைசியில எங்கிட்ட சொன்னாரு. நாந்தான் மறந்துட்டேன்."

டிரைவர் அண்ணாச்சி திரும்பினார். "டாக்டரே சொன்னாரா அம்மா?"

"டாக்டரே சொன்னாரு. எடுத்திரு மக்கா."

கடைசியில் டாக்டருக்குப் பேச்சு இல்லை. எனக்கே அது தெரியும். கையில் தூக்கிக்கொண்டு நடந்தவருக்குத் தெரியாதா? அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா சேலை முந்தியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் கையிலிருந்த துணியை வாங்கி, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அவரே துடைக்கத் தொடங்கினார். பூசியபோது எவ்வளவு மெதுவாகப் பூசியிருப்பாரோ அவ்வளவு மெதுவாக.

நான் நிமிர்ந்தபோது அடுக்களைப் படியில் சின்ன டாக்டர் நிற்பது தெரிந்தது. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியபடி நின்றார். அம்மா காலிக் கிளாஸ்களோடு அவரைத் தாண்டி உள்ளே போனார்கள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடிக்கும்போது வெளிச்சம் குறைந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினேன். மஞ்சள் வெளிச்சம் மீட்டர்களில் நிறைந்து வழிந்து, ஸ்டியரிங்கிலும் அவருடைய காக்கிச் சட்டையிலும் விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். இராஜாக்கமங்கலத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும், நீரும் வாரும், வழியில் விளக்கு நிற்கிறதா என்று பார்ப்போம் என்று சின்ன டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால், பெரிய டாக்டர் உட்காரும் இடத்தில்.

பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பின்சீட்டிலிருந்தே எனக்குத் தெரிந்தது. டிரைவர் அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. வழக்கம்போலக் காலால்தான் எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார். வயல்கள் முடிந்து தென்னந்தோப்பு வந்தது. தோப்பும் விலகி, இடது பக்கம் கடல் தெரிந்தது. வானத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது.

அப்போது அவர் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, விரித்து, மீட்டர்களின் மேல் வைத்து மூடினார்.

காருக்குள் இருட்டானது. விரல் இடுக்கில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போனார். சின்ன டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். கையை எடும் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"இங்ஙன வச்சுத்தானா அப்பாவுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

டிரைவர் அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுகிற மனிதர் கேட்டும் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடல் முடிந்து மறுபடியும் தோப்பு தொடங்கியதும் கையை எடுத்தார். வெளிச்சம் திரும்ப அவர் சட்டையில் விழுந்தது.

நோயாளியின் வீட்டு வாசலில் கார் நின்றது. சின்ன டாக்டர் கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு, இறங்காமல் இருந்தார். ஏதோ ஒன்றை எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது. பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இந்தக் கார நீருதான் ஓட்டணும். நான் சொல்லுத வரைக்கும்."

"சரி டாக்டரு" என்றார் அவர். அதுவரை அவரைச் சின்ன டாக்டரு என்றுதான் கூப்பிடுவார்.

மறுநாள் வந்த தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டதாக மேஸ்திரி வந்து சொன்னார். அந்த வளைவிலும் ஹாரன் அடிக்கலாம் என்று அடுத்த வாரமே டாக்டர் சொல்லிவிட்டாராம். முதல் ஹாரன் கேட்டதும், தன் வேலை போயிற்றே என்று அந்தப் பையன் அழுதான் என்று கேள்வி.

பிறகு நான் கருங்கல்லில் தனியாகச் சின்னக் கடை போட்டுக்கொண்டு போய்விட்டேன். எங்கள் பக்கம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமயம் அது. நாகர்கோவிலுக்குச் சாமான் வாங்க வந்த ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு பங்களா வழியாக நடந்து போனேன். முன்வாசலில் டாக்டர் வாங்கிய புதிய சின்னக் கார் நின்றது. அதை அவரே ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்பக்கக் கொட்டகைக்குள் பழைய கறுப்புக் கார். எஞ்சின் பழுதாகி ஓடாமல் போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டனவாம். உள்ளே டேஷ்போர்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கின் பின்னால் டிரைவர் அண்ணாச்சி, கழுத்துவரை பித்தான் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். நான் கொட்டகையைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். தினம் காலையும் மாலையும் துடைத்துவிட்டு இப்படி ஏறி உட்கார்ந்துகொள்கிறார் என்றார். அந்த விளக்குக்காக மாதம் ஒரு தடவை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கிறேன், உமக்குத் தெரிந்த நல்ல பேட்டரி இருந்தால் ஒன்று அனுப்பும் என்றார்.

ஓடாத காருக்கா என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"சொன்னது சொல்லியாச்சு. இனி அத நான் எப்பிடிவே திருப்பி எடுக்க?"

அடுத்த வாரம் ஒரு பேட்டரியைப் பார்த்து வாங்கி, நானே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.